வெள்ளிக்கிழமை பத்தரை மணி

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் மணி சொல்லிக்கொடுக்கும் வாரம் வந்தால், கரும்பலகையில் ஒரு வட்டத்தைப் போட்டு, உள்ளே இரண்டு கோடு கிழித்து, பாடத்தை முடித்துவிடுவது என் வழக்கம். மற்ற ஆசிரியைகள் அட்டையில் கடிகாரம் செய்து கொண்டுவந்து, பிள்ளைகளையே முள்ளைத் திருப்பச் சொல்லி வேடிக்கை காட்டுவார்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பட்டுப் புடவை வைத்துக் கொடுக்கிற பெட்டியின் மூடியை வட்டமாக வெட்டிச் செய்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்வட்டத்தில் சிவப்பு மையில், பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வரை வெளிவட்டத்தில் நீல மையில். முட்கள் இரண்டையும் நடுவில் பிடித்திருப்பது என் அண்ணனின் பழைய சட்டைப் பொத்தான். அதைச் செய்தது என் அண்ணி. நான் சொல்லிக்கொடுத்து அவள் கற்றுக்கொண்ட பாடத்துக்காகத்தான் செய்தாள். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் துணிவு எனக்கு இல்லை.

காஞ்சிபுரத்தில் பிரெஞ்சு டீச்சர் என்றால் இன்றைக்கும் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மதிப்பெண் அள்ளலாம் என்பதற்காகவே பிள்ளைகள் எடுக்கும் பாடம் அது. தமிழில் தொண்ணூறு வாங்கத் திணறும் பிள்ளை பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை, அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் என் வாழ்க்கையில் நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த எத்தனையோ பேரில் ஒரே ஒருத்திக்குத்தான் அந்த மொழி உண்மையாகவே தேவைப்பட்டது. அவளுக்குத்தான் நான் துரோகம் செய்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அண்ணி பிள்ளையார்பாளையத்துப் பெண். முன்னறையில் தறியும் பின்னறையில் குடும்பமுமாக இருக்கிற வீட்டில் பிறந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தறிச்சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருடம்தான். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அண்ணன், ஷிப்ட் முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் பைக்கோடு போய்விட்டான். குழந்தை இல்லை. அடுத்த வருடமே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலற்றுப் போனது, பேச்சும் குழறிப்போனது. அப்பா முன்பே இறந்துவிட்டார். மிச்சமிருந்தது நானும் அண்ணியும்தான். காலை ஏழரைக்குப் பள்ளிப் பேருந்தில் ஏறினால் மாலை நாலரைக்குத்தான் நான் வீட்டுக்கு வருவேன். இடைப்பட்ட பொழுது முழுக்க அம்மா அண்ணியின் கையில் இருந்தாள். அம்மாவுக்குப் படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை என்று மருத்துவர் வியந்து சொல்வார். நான் ஏதோ என் சாமர்த்தியம் போலத் தலையாட்டிக்கொள்வேன்.

இப்படி இரண்டு வருடம் போனபின், புதுச்சேரியில் இருக்கும் அண்ணியின் தாய்வழி உறவுக்காரர் ஒருவர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளையும் புதுச்சேரிக்காரர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மனைவி இறந்து, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது உறவுக்காரர் வீட்டில் இருவரும் சந்தித்துப் பேசினார்கள். திரும்பி வந்த அண்ணியின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர், குழந்தையின் படத்தைக் காட்டும்போது மட்டும் நிறையப் பேசினார் என்றாள். தை மாதம் அவருக்கு மறுபடி விடுமுறை, அப்போது கல்யாணம் என்று பேசிவைத்தார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். விடியற்காலையில் அவர் வேலைக்குப் போய்விடுவார், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும் மருத்துவரிடம் காட்டுவதும் அண்ணி ஒருத்தியாகவே செய்ய வேண்டியிருக்கும். ஆகவே அங்கே வருவதற்குமுன் ஆரம்ப நிலைப் பிரெஞ்சுத் தேர்வை எழுதித் தேறியிருந்தால் நல்லது. அந்தத் தேர்வு கார்த்திகையில் வந்தது. அதை விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான். அவருடைய அடுத்த நீண்ட விடுமுறையோ அதற்கும் அடுத்த தையில்தான். பெண்ணை இன்னும் ஒரு வருடம் அக்கம்பக்கத்தார் வீட்டில் விட்டுவைக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவள் நல்லபடியாக இருந்த இடக்கையைத் தூக்கி வாசலைக் காட்டி, “போவட்டும். அவ போவட்டும்” என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அம்மா விரும்பவில்லை என்று பின்னாளில் நான் சாக்குச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

சொல்லிக்கொடுக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நானும் பெருமையாகத்தான் ஒப்புக்கொண்டேன். பள்ளியிலிருந்து வந்து காபி குடித்ததும் ஐந்து மணிக்கு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்காருவோம். எழுத்து, வணக்கம், பெயர், எண்கள் என்று முதல் மாதம் ஓடியது. அண்ணி பிளஸ் டூவோடு நின்றவள், ஆனால் கவனம் கூர்மையானது. எண்பதை நாலு இருபது என்று சொல்வார்கள் என்றபோது என் பிள்ளைகள் எல்லோரும் முனகுவார்கள், அண்ணி மட்டும் இதில் என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள். எண்கள் முடிந்தால் அடுத்தது தேதியும் மணியும். அங்கேதான் நான் இழுத்தடிக்க ஆரம்பித்தேன். இன்னும் எண்கள் சரியாக வரவில்லை என்பேன். தலைவலி என்பேன். விடைத்தாள் திருத்த வேண்டும் என்பேன். அந்தப் பாடம் முடிந்தால் தேர்வுக்கான பாதிப் பாடம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஏன் இழுக்கிறேன் என்று அப்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால், அண்ணி போய்விட்டால் இரண்டு மணிக்கு ஒருமுறை அம்மாவை யார் புரட்டிப் போடுவது என்ற பதில் உடனே வந்திருக்கும்.

ஒரு நாள் அவளே கேட்டாள். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடுகிறது என்றுகூடக் கேட்கத் தெரியாமல் எப்படிப் போவது என்றாள். வேறு வழியில்லாமல் தேதியில் தொடங்கினேன். மாதத்தின் முதல் நாளை மட்டும் ‘முதலாவது’ என்று சொல்ல வேண்டும், ‘ல ப்ரெமியே’. மற்ற நாளெல்லாம் வெறும் எண்தான், இரண்டு, மூன்று, நான்கு. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மொத நாளுக்கு மட்டும் இன்னாமா அவ்ளோ மரியாத?” என்றாள். பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்றேன். ஆனி மாதம், அனுஷம் என்றாள். அது பிரெஞ்சுக்காரனுக்குப் புரியாது என்று சொன்னதும் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே எழுதிக்கொண்ட ஜூன் ஒன்றாம் தேதிதான் சான்றிதழில் இருக்கிறது என்றாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே நாளில் பிறந்தவர்கள்தான். “அப்போ எனக்கும் மரியாததான்” என்று சொல்லி, ‘ல ப்ரெமியே ஜுவான்’ என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மணிக்கு வந்தபோதுதான் அந்தக் கடிகாரத்தைச் செய்தாள். கிழமையும் மணியும் சேர்த்து ஏழு வாக்கியம் எழுதிவாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். மறுநாள் அவள் காட்டிய நோட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. திங்கள், ஏழரையிலிருந்து ஒன்பது. சனி, ஒன்பதிலிருந்து பத்தரை. வெள்ளி, பத்தரையிலிருந்து நண்பகல். ஏழு நாளும் இப்படியே. ராகு காலம்! தினசரி காலண்டரில் போட்டிருக்கும் பட்டியலை அப்படியே பிரெஞ்சில் எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. ராகு காலம் எப்போதும் அரை மணியில் தொடங்கும், இல்லாவிட்டால் அரை மணியில் முடியும். அதனால் என் பிள்ளைகளுக்கு ஒரு வருடமானாலும் நாக்கில் உருளாத ‘எ துமி’ என்ற அரை, அவள் வாயில் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டது. பாரிசில் யார் உங்களிடம் ராகு காலம் கேட்கப்போகிறார்கள் என்று கிண்டல் செய்தேன். “எனக்குத் தெரிஞ்சதுலேந்துதானேமா நான் ஆரம்பிக்க முடியும்” என்றாள். இருபது வருடம் மொழி சொல்லிக்கொடுத்த யாரிடமும் இதைவிட நல்ல பாடமுறையை நான் கேட்டதில்லை. ஆனால் அன்று அதை அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் பகல் முழுக்க அவளே பயிற்சி செய்தாள். எட்டு மணி மாத்திரைக்கு ஒரு வாக்கியம், பத்து மணிக்கு இடப்பக்கம் புரட்ட ஒரு வாக்கியம், இரண்டு மணிக் கஞ்சிக்கு ஒன்று. விடுமுறை நாளில் நான் வீட்டில் இருக்கும்போது, சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “காத்ர் எர்” என்று சொல்லி அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் திருப்புவாள். நாலு மணி. அம்மாவும் கோணிய வாயால் அதைத் திருப்பிச் சொல்ல முயல்வாள், இருவரும் சிரிப்பார்கள். அடுத்த அறையில் விடைத்தாளோடு உட்கார்ந்திருக்கும் நான் கூட்டிய மதிப்பெண்ணையே மறுபடி கூட்டிக்கொண்டிருப்பேன். தை பிறந்தால் அந்தப் பத்து மணியும் இரண்டு மணியும் நாலு மணியும் என் தலையில் இறங்கப்போகின்றன, வேலையை விட வேண்டியிருக்கும் என்ற பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. உங்கள் வாழ்க்கையின் முக்கியமான நாட்களை எழுதுங்கள் என்று ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். பிறந்த நாள், அண்ணனோடு கல்யாணமான நாள், அண்ணன் இறந்த நாள் என்று மூன்றை எழுதிவிட்டு, நான்காவதாகத் தையில் புதுச்சேரிக்காரர் வந்து இறங்கும் நாளை எழுதியிருந்தாள். நான்கும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில். எனக்குச் சுருக்கென்றது. என் அண்ணன் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டான் என்று தோன்றியது. தேதிக்கு முன்னால் போட வேண்டிய சிறு சொல்லை ஓரிடத்தில் விட்டிருந்தாள். அதற்காக அன்று தேவைக்கு மேல் கடிந்துகொண்டேன். அவள் திருத்தி எழுதினாள்.

ராகு காலத்தை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் அந்த பைக்கைக் கடையிலிருந்து புதிதாக எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு. மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டும், அதற்குள் எடுத்துவிடலாம் என்றான். நண்பகல் தாண்டட்டுமே என்று அண்ணி கெஞ்சினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய் எடுத்துவந்தான். நானும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு அவளைக் கேலி செய்தேன். ராகுவும் இல்லை கேதுவும் இல்லை என்று அடித்துப் பேசுகிற ஆள் நான். அந்த பைக்கில்தான் அவன் போனான். அதன்பிறகு அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, அடியில் இருக்கும் நேரத்தை ஒருமுறை பார்ப்பாள், அவ்வளவுதான்.

தேர்வுக்குப் பெயர் பதிவு செய்வது இணையத்தில். சென்னையில் அந்தத் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் பக்கம், ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குத் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். முந்தைய முறை என் மாணவிகள் இரண்டு பேருக்கு நான்தான் பதிவு செய்தேன். அரை மணி நேரத்தில் இடமெல்லாம் நிரம்பிவிட்டதை என் கண்ணால் பார்த்தவள். அண்ணியின் போன் பழையது, ஆகவே பள்ளியில் இருந்தபடி நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை மாலை பாயில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணி காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு ராகு காலத்தில்தான் திறக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, “பரவால்லமா. நீ போட்டுடு. அங்க இருக்கறவங்க இதெல்லாம் பாத்துக்கினா இருக்காங்க” என்றாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். பயத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்ன சொல் அது.

மறுநாள் பத்தரைக்கு எனக்கு வகுப்பு இல்லை. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போனில் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. அவளுடைய பெயர், சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி, எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசிப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. விரல் அங்கேயே நின்றது. அன்று காலை நான் கிளம்பும்போது அம்மாவின் துணியை அண்ணி மாற்றிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு நாள்கூட அந்த வேலையை நான் செய்ததில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். “அண்ணி, எனக்கு மனசு கேக்கல. அண்ணன் பைக் எடுத்ததும் இதே வெள்ளிக்கிழம, இதே நேரம். பன்னெண்டுக்கு மேல போடட்டுமா?”

மறுமுனையில் அம்மாவின் அறையில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, “அதுக்குள்ள எடம் போயிடாதாமா?” என்றாள்.

“போவாது அண்ணி. நான் பாத்துக்கறேன்.”

“சரிமா. அப்போ பன்னெண்டுக்கு மேலயே போடு” என்றாள்.

பன்னிரண்டு பத்துக்குப் பார்த்தேன். இடங்கள் நிரம்பிவிட்டன என்று இரண்டு மொழியில் போட்டிருந்தார்கள். பார்க்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் மாலை வீட்டுக்குப் போய் அதை அவளிடம் காட்டினேன், நானும் ஏமாந்துபோனவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். “உன் மேல இன்னா தப்பு இருக்குது, நான்தானே சரின்னேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அழுதிருந்தால்கூட ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பின்னால் பலமுறை எண்ணியிருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். அன்று எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு அதுதான்.

புதுச்சேரிக்காரர் தையில் வரவில்லை. போனில் நல்லவிதமாகவே பேசினார், அடுத்த தேர்வுக்குப் பார்க்கலாம் என்றார். நான் பாவத்தைக் கழுவிக்கொள்கிற அவசரத்தில் அண்ணிக்கு ஒரு நாள் விடாமல் பாடம் நடத்தினேன். பங்குனியில் ஒரு நாள் மாலை அவருடைய அக்காள் புதுச்சேரியிலிருந்து பேசினார். குழந்தை தனியாகக் கிடந்து தவிக்கிறது, அங்கேயே பிரெஞ்சு தெரிந்த ஒரு பெண் அமைந்துவிட்டது, மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள், குழந்தைக்கு நல்லது நடந்தால் சரி என்றாள், போனை வைத்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவின் பக்கம் போய்த் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் திருப்பினாள். அன்று மணியைப் பிரெஞ்சில் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் அந்த வீட்டில் சொல்லவில்லை.

காலண்டர் தாளின் அடியைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். அதை நான் கவனித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் புதுக் குடத்தில் தண்ணீர் பிடித்தாள், செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போனாள். மனம் வெறுத்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இன்னும் இரண்டு வருடம் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். நான் வேலையில் மூத்த ஆசிரியை ஆனேன். அம்மா போனது மாசியில். கடைசி மூச்சு அண்ணியின் மடியில்தான். காரியம் முடிந்த மறுவாரம், இரண்டு பையில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கே போய்விட்டாள். இங்கேயே இருங்கள் என்று சொன்னேன். இங்கே இனி என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். பஸ் வந்துவிட்டது.

இப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை செய்கிறாள். மாமல்லபுரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கோயில் பார்க்க வருகிற பிரெஞ்சுக்காரர்களைக் கடை முதலாளி நேராக அவளிடம்தான் அனுப்புகிறார். போன புரட்டாசியில் ஒரு நாள் போயிருந்தேன். கல்யாணம் இல்லாத மாதம், கடையில் கூட்டம் இல்லை. ஒரு வயதான தம்பதி துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிழமை, என்ன தேதி, எத்தனை மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், அன்று பஸ் எப்போது கிளம்புகிறது என்று அண்ணி அவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இடையில் அந்த அம்மாள் ஏதோ வேடிக்கை சொல்ல, அண்ணியும் பதிலுக்குச் சொல்லிச் சிரித்தாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் பாடப்புத்தகத்தோடு வாழ்ந்த எனக்கு அந்த மொழி அவ்வளவு சரளமாக வராது. அங்கே அந்தக் குழந்தையோடு அவள் எவ்வளவு நன்றாகப் பேசியிருப்பாள் என்று நினைத்த நிமிடத்தில், இனிமேல் தாங்காது என்று ஆகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கடை மாடியில் அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்தைய முறை அரை மணியில் இடம் நிரம்பியதை நான் பார்த்திருந்தேன் என்பது, படிவத்தை நிரப்பிவிட்டு மூடியது, பைக் பேச்சை எடுத்தால் அவள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்தே எடுத்தது, எதையும் விடவில்லை. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். வெகுநேரம் அதன் மூடியின் மேலேயே கை இருந்தது.

“நாலு வருஷமா என் பைத்தியக்காரத்தனத்தாலதான் போச்சுன்னு என்னையே திட்டிக்கினு இருந்தேன்மா” என்றாள். “ஒரு ஒன்றர மணி நேரத்துக்குப் பயந்து வாழ்க்கைய உட்டுட்டோமேன்னு. அந்தக் காலண்டரப் பாத்தாலே பத்திக்கினு வரும்.”

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

“அம்மாவ உட்டுட்டுப் போவாதீங்கன்னு நீ கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டிருந்தா இருந்திருப்பீங்களா அண்ணி?”

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “தெரியல. இருந்திருப்பேனோ, போயிருப்பேனோ. அத இப்ப எப்பிடிச் சொல்றது? நீ கேக்கவே இல்லியே.” கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப்போனாள்.

அதற்குப்பின் அவள் என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. அம்மாவின் திதிக்கு வந்தாள், சமையலை எல்லாம் அவளே செய்தாள், எனக்கு உடம்பு முடியாதபோது கஷாயம் வைத்து அனுப்பினாள். நான்தான் அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறேன். சென்ற வாரம் கடைக்குப் போனபோது, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும், உங்கள் அண்ணி பிரெஞ்சுப் பரீட்சைக்குப் பதிவு செய்துவிட்டார்களாமே, நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று மகிழ்ச்சியாகக் கேட்டாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றாள், தன் போனிலேயே போட்டுவிட்டதாகச் சொன்னாள். எதற்காக எழுதுகிறாள் என்பதோ, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பதோ அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.